ஹெலன் சூடாத நெற்றிச்சுட்டி

கணக்கிலிருந்தே தொடங்கலாம். இந்த நெற்றிச்சுட்டியைக் கண்டெடுத்தவர் அடிப்படையில் ஒரு வியாபாரி. சின்னஞ்சிறு பொன்வளையங்கள் 12,271. இலை வடிவத் தகடுகள் 4,066. நுனியில் தொங்கும் பொம்மை போன்ற பதக்கங்கள் 16. ஆகக் கூடுதல் 16,353. இத்தனை துண்டும் சேர்ந்து ஒரே ஒரு நகை.

நெற்றியின் குறுக்கே ஒரு சரடு ஓடுகிறது. அதிலிருந்து 90 சங்கிலிகள் இறங்குகின்றன. நடுவில் இருக்கும் 74 குட்டையானவை; நெற்றியை மறைத்துப் புருவத்தோடு நின்றுவிடும். இரு ஓரத்திலும் எட்டெட்டாக 16 நீளச் சங்கிலிகள், காதோரமாக வழிந்து தோள்வரை வரும். நம் கல்யாணப் பெண்ணின் நெற்றிச்சுட்டியையும் மாட்டலையும் ஒன்றாக இணைத்து, இடைவெளியே விடாமல் நெருக்கிக் கோத்தது போல இருக்கும். ஒவ்வொரு சங்கிலியிலும் தகடுகள் மேலும் கீழுமாக அடுக்கியிருப்பதால், போட்டுக்கொண்டவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் மெல்லச் சலசலத்திருக்கும். செய்தவன் யாரோ, கண்பார்வை கூர்மையான ஆளாக இருந்திருக்க வேண்டும். பூதக்கண்ணாடி காலத்துக்கு மிக முந்தைய வேலை இது.

உலகம் இதற்கு இட்ட பெயர் 'ஹெலனின் நகை'. ஹெலன் இதை அணிந்ததில்லை. அப்படி ஒருத்தி இருந்தாளா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். இருந்தாள் என்றே வைத்துக்கொண்டாலும், அவள் பிறக்க ஆயிரம் ஆண்டு இருக்கும்போதே இந்த நகை மண்ணுக்குள் போய்விட்டது. இருந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து நகைக்கும் அவள் தலையெழுத்தே வந்து சேர்ந்தது.

அந்தத் தலையெழுத்து என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹெலன் சிறுமியாக இருந்தபோதே ஏதென்ஸ் வீரன் தீசியஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போனான். உடன்பிறந்த இரட்டையர் காஸ்டரும் பொல்லக்ஸும் படையோடு போய் மீட்டு வந்தார்கள். வயது வந்ததும் கிரேக்க அரசர்கள் எல்லோரும் பெண் கேட்டு வந்து நின்றார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர்கள் அவனுக்குத் துணை நிற்பதாகச் சத்தியம் செய்துகொண்டபின், ஸ்பார்ட்டாவின் மெனெலாஸுக்கு வாய்த்தாள். பிறகு மூன்று தேவியர் தங்களுக்குள் யார் அழகி என்று போட்டி போட்டு, ட்ராய் இளவரசன் பாரிஸிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அஃப்ரோடைட்டி அவனுக்குத் தருவதாகச் சொன்ன கையூட்டுதான் ஹெலன். சம்பந்தப்பட்டவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாரிஸ் ஸ்பார்ட்டாவுக்கு விருந்தாளியாக வந்தான். மெனெலாஸ் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவளையும், அரண்மனைச் செல்வத்தையும் கப்பலேற்றினான்.

அந்தச் செல்வத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கிரேக்கர்கள் அவளை மீட்க ட்ராய்மேல் தொடுத்த போரைப் பாடும் ஹோமரின் இலியட்டில், சமாதானப் பேச்சு எழும்போதெல்லாம் ஹெலனும் அவளோடு போன பொருளும் ஒரே மூச்சில்தான் பேசப்படுகிறார்கள். ஒரு கட்டத்தில் பாரிஸ், பொருளை மட்டும் திருப்பித் தருகிறேன், என் கையிருப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் போட்டும் தருகிறேன், அவளைத் தரமாட்டேன் என்கிறான். பேரம் படியவில்லை. போரில் பாரிஸ் செத்தபின் அவன் உடன்பிறந்த டெய்ஃபோபஸ் அவளை எடுத்துக்கொண்டான். மரக்குதிரை ஊருக்குள் வந்த இரவில் அவனும் செத்தான். மெனெலாஸ் அவளைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். எண்ணிப் பார்த்தால் நான்கு கைகள்.

இனி நகையின் கதை.

ஹைன்ரிக் ஷ்லீமன் 1822-ல் வட ஜெர்மனியில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். எட்டு வயது நிறையுமுன் கிறிஸ்துமஸ் பரிசாக வந்த ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் ட்ராய் நகரம் பற்றி எரியும் படத்தைப் பார்த்ததாகவும், அன்றே அதைத் தோண்டி எடுப்பேன் என்று அப்பாவிடம் சொன்னதாகவும் பின்னாளில் எழுதினார். அவர் தன்னைப் பற்றி எழுதியது எதையும் உரசிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். உறுதியாகத் தெரிவது வேறு: மளிகைக் கடையில் எடுபிடியாக இருந்த பையன், மொழிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்று, ஆம்ஸ்டர்டாம் வணிக நிறுவனம் ஒன்றின் முகவராக 1846-ல் பீட்டர்ஸ்பர்க் போய், அவுரி நீல வியாபாரத்தில் பெரும்பணம் பண்ணினார். நடுவே கலிஃபோர்னியா போய் சாக்ரமெண்டோவில் சுரங்கத் தொழிலாளர்களிடம் தங்கத்தூள் வாங்கி விற்றார். கிரிமியப் போரில் வெடியுப்பும் கந்தகமும் ஈயமும் விற்றார். நாற்பது வயதில் கடையை மூடிவிட்டு உலகம் சுற்றப் புறப்பட்டார். அந்தப் பயணத்தில்தான் இலங்கைக்கும் சென்னைக்கும் வந்து, கல்கத்தா, காசி, டெல்லி என்று இமயமலை வரை போனார். உலகச் சந்தைக்குப் போன நீலத்தில் பெரும்பங்கு வங்காளத்திலிருந்து போன காலம் அது. தனக்குச் சோறு போட்ட சாயம் விளைந்த நாட்டைச் சுற்றுலாப் பயணியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

1868-ல் கையில் ஹோமரோடு துருக்கியின் மேற்குக் கரைக்கு வந்தபோது, அவரும் அன்றைய அறிஞர் பலரைப் போல வேறொரு குன்றைத்தான் ட்ராய் என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பகுதியிலேயே வாழ்ந்த பிராங்க் கால்வர்ட் என்ற ஆங்கிலேயர்தான் அவரை ஹிசார்லிக் மேட்டுக்குத் திருப்பிவிட்டார். மேட்டின் ஒரு பகுதி கால்வர்ட்டுக்குச் சொந்தம். சில ஆண்டுகளுக்கு முன்பே அங்கே சோதனைக் குழிகள் வெட்டியவர். விஷயம் தெரிந்தவர், ஆனால் பணமில்லாதவர். பணமிருந்தவர் வந்து சேர்ந்தார். பின்னாளில் ஷ்லீமன் எழுதிய புத்தகங்களில் கால்வர்ட்டின் பங்கு வரவரத் தேய்ந்துகொண்டே போனது.

தோண்டியதோ, தோண்டியது என்று சொல்வதே மரியாதை. நூறு, நூற்றைம்பது கூலியாட்களை நிறுத்தி மேட்டை வடக்கிலிருந்து தெற்காகப் பிளந்தார். ஹோமரின் ட்ராய் மிகப் பழையது, ஆகவே அடியில்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. மேலடுக்குச் சுவர்கள் குறுக்கே வந்தபோது இடித்து வெளியே தள்ளினார். அந்த வெட்டு இன்றும் அங்கே 'ஷ்லீமன் பள்ளம்' என்ற பெயரோடு கிடக்கிறது. பத்து வருடம் முற்றுகையிட்டும் கிரேக்கர்களால் ட்ராயை ஷ்லீமன் அளவுக்கு இடிக்க முடியவில்லை என்று தொல்லியல் ஆட்கள் கிண்டல் செய்வதுண்டு.

1873 மே மாதக் கடைசி. கீழிருந்து இரண்டாவது அடுக்கில், எரிந்து சாம்பலேறிய ஒரு சுவரையொட்டிச் செம்புப் பாத்திரம் ஒன்று தலைகாட்டியது. பின்னால் மஞ்சளாக ஏதோ மின்னியது. அதன்பின் நடந்ததை ஷ்லீமன் சொல்லும் விதம் இது: ஆட்களை உடனே சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டார். மேலே எந்த நேரமும் சரிந்து விழலாம் போல் நின்ற சுவருக்குக் கீழே மண்டியிட்டு, பெரிய கத்தியால் ஒவ்வொன்றாகக் குடைந்து எடுத்தார். அருமை மனைவி சோஃபியா பக்கத்தில் நின்று, எடுத்ததையெல்லாம் தன் சால்வையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டு போனாள்.

பெரிய வெள்ளி ஜாடி ஒன்றின் அடியில் நெற்றிச்சுட்டிகள் இரண்டு. அவற்றின்மேல் 56 கம்மல்கள். அதற்கும் மேல் குண்டுமணி அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் 8,750 பொன்மணிகள், வளையங்கள். பிறகு ஆறு காப்புகள். உச்சியில் இரண்டு பொற்கிண்ணங்கள். ஜாடிக்கு வெளியே, படகு போன்ற வடிவில் இரண்டு கைப்பிடியும் இரண்டு வாயும் உள்ள ஒரு பொற்பாத்திரம். அதன் எடை மட்டும் 600 கிராம். நம் கணக்கில் 75 பவுன்.

சால்வையில் பொதிந்த அந்தக் காட்சி அழகான காட்சி. நகைமூட்டை என்றதும் நமக்குக் கம்பனின் கலன்காண் படலம் நினைவுக்கு வரும். சீதை துணியில் முடிந்து போட்ட நகைகளை இராமன் பார்த்து உருகும் இடம். அங்கே நகையை அடையாளம் காண ஒரு கணவன் இருந்தான். ஹிசார்லிக்கில் அடையாளம் சொல்ல யாருமில்லை. ஷ்லீமன் தானே சொல்லிக்கொண்டார். ட்ராய் மன்னன் பிரியாமின் புதையல் என்றார். நகர் எரிந்தபோது அரச குடும்பத்தில் யாரோ ஒருவர் அவசரமாகப் பெட்டியில் அள்ளிப் போட்டு, தூக்கி ஓட முடியாமல் மதில்மேல் விட்டுவிட்டுப் போனது என்றார்.

சோஃபியாவோ அன்று அங்கே இல்லவே இல்லை. தந்தை இறந்த செய்தி வந்து மே மாதத் தொடக்கத்திலேயே ஏதென்ஸ் போய்விட்டாள். ஷ்லீமனே அந்த ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சார்லஸ் நியூட்டனுக்கு எழுதிய கடிதத்தில் இதை ஒப்புக்கொண்டார். மனைவியைத் தொல்லியல் அறிஞராக ஆக்க வேண்டும் என்ற ஆசையில் அப்படி எழுதிவிட்டாராம். கூட நின்றவர் யன்னாகிஸ் என்ற வேலையாள். அவர் சால்வை போட்டிருக்கவில்லை. ஆகவே கதையில் இடமில்லை. கணவரின் கதை ஒரு இடத்தில் ஓட்டையானதும் மற்ற இடங்களையும் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். டேவிட் ட்ரெயில் என்ற ஆய்வாளர், வெவ்வேறு நாட்களில் கிடைத்தவற்றைச் சேர்த்து வைத்து ஒரே புதையலாகக் காட்டினார் என்று வாதிட்டார். டொனால்ட் ஈஸ்டன் களக் குறிப்புகளை வரிவரியாகப் பார்த்து, பெரும்பகுதி ஒரே இடத்தில் கிடைத்ததுதான் என்கிறார். எனக்கு ஈஸ்டன் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. இத்தகைய புதையலைக் கற்பனையில் கூட்டிச் சேர்க்கும் பொறுமை ஷ்லீமனுக்கு இல்லை. அவசரக்காரர் சொல்லும் பொய்கள் சால்வை போன்ற சின்னப் பொய்களாகத்தான் இருக்கும்.

சோஃபியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரஷ்ய மனைவியை அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் விவாகரத்து செய்துவிட்டு, ஏதென்ஸில் தனக்குத் தெரிந்த மதகுரு ஒருவருக்கு ஷ்லீமன் கடிதம் எழுதினார்: கிரேக்கப் பெண் வேண்டும், ஏழையாக இருந்தாலும் பரவாயில்லை, அழகும் கல்வியும் ஹோமர்மேல் பற்றும் வேண்டும். பதிலுக்குப் புகைப்படங்கள் வந்தன. தேர்ந்தெடுத்தது சோஃபியாவை, மதகுருவின் உறவுக்காரப் பெண். 1869-ல் திருமணம் நடந்தபோது அவருக்கு 47, அவளுக்கு 17. பெண் பார்க்க வந்த இடத்தில் ஹேட்ரியன் பேரரசன் ஏதென்ஸுக்கு வந்த ஆண்டைக் கேட்டார், ஹோமரிலிருந்து ஒப்பிக்கச் சொன்னார். ஏன் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாய் என்று அவர் தனியாகக் கேட்டபோது, நீங்கள் பணக்காரர் என்று அப்பா அம்மா சொன்னார்கள் என்று அந்தப் பெண் உள்ளதைச் சொல்லிவிட்டது. மனிதர் நொந்துபோனார். பிறகு சமாதானமாகி, பிறந்த பெண்ணுக்கு ஆண்ட்ரோமகி என்றும் பையனுக்கு அகமெம்னான் என்றும் பெயர் வைத்தார்கள்.

சோஃபியா இந்த நகையை அணிந்து நிற்கும் புகைப்படம் ஏதென்ஸில் எடுக்கப்பட்டது. சோஃபியாவுக்கு அப்போது இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. பெரிய நெற்றிச்சுட்டியைச் சூட்டி, காதில் கொத்துக் கம்மல்களை மாட்டி, கழுத்தில் மணிச்சரங்களை அடுக்கடுக்காகப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். உடை விக்டோரியா காலத்துக் கறுப்பு. முகத்தில் சிரிப்பில்லை. ஓரச் சங்கிலிகள் தோளில் விழுந்து கிடக்கின்றன. அந்தப் படம் ஐரோப்பியப் பத்திரிகைகளில் எல்லாம் பதிப்பிக்கப்பட்டது. பிரியாமின் புதையல் ஹெலனின் நகையானது அந்த முகத்தால்தான். கிழட்டு அரசனுடைய பாத்திரங்களைப் பார்க்கக் கூட்டம் வராது. உலகப் பேரழகி போட்டது என்றால் வரும்.

அதற்கு முன் நகை கடல் தாண்டியாக வேண்டும். கிடைத்ததில் பாதி ஒட்டோமான் அரசுக்கு என்பதுதான் தோண்ட அனுமதி கொடுத்தபோது பேச்சு. கண்காணிக்க அமீன் எஃபெண்டி என்ற அதிகாரியையும் அரசு போட்டிருந்தது. ஷ்லீமன் புதையலை இரவோடிரவாகக் கால்வர்ட் குடும்பத்தின் பண்ணைக்கு அனுப்பி, அங்கிருந்து ஜூன் தொடக்கத்தில் கப்பலேற்றிவிட்டார். ஏதென்ஸில் சோஃபியாவின் உறவினர் வீடுகளில் கூடை கூடையாக ஒளித்து வைத்தார்கள். ஆகஸ்டில் ஜெர்மன் நாளிதழ் ஒன்றில் தானே பெருமையாகச் செய்தி வெளியிட்டார். இஸ்தான்புல் கொதித்தது. அமீன் எஃபெண்டிதான் பாவம், தண்டனை அவர் தலையில் விழுந்தது. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து 1875-ல் 10,000 பிராங்க் இழப்பீடு என்று முடிந்தது. ஷ்லீமன் 50,000 பிராங்காகக் கொடுத்தார். தாராளம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்தமுறை தோண்ட அனுமதி வேண்டுமே.

நகைக்கு வீடு தேடும் படலம் அதற்குள் தொடங்கியிருந்தது. லூவர், பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் என்று பல வாசல்களைத் தட்டிப் பார்த்தார். 1877 கடைசியிலிருந்து சில ஆண்டு லண்டன் தெற்குக் கென்ஸிங்டனில் காட்சிக்கு இருந்தது. கடைசியில் மருத்துவரும் மானுடவியலாளருமான நண்பர் ருடால்ஃப் விர்ஷோ இடையில் நின்று பேச, 1881-ல் ஜெர்மானிய மக்களுக்கு என்றென்றைக்குமான கொடையாக பெர்லினுக்குக் கொடுத்தார். பதிலுக்கு பெர்லினின் கௌரவக் குடிமகன் பட்டம் கிடைத்தது. பாதிரியார் வீட்டுப் பையன் விட்டுப்போன நாட்டுக்கு மாலை மரியாதையோடு திரும்பிவிட்டான்.

அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டில் கணக்கு உதைத்தது. 1890-ல் ஷ்லீமனும் கட்டடக் கலைஞர் வில்ஹெல்ம் டோர்ப்ஃபெல்டும் ஹிசார்லிக்கில் மறுபடி தோண்டியபோது, மைசீனிய மட்கலங்கள் கிடைத்தன. மெனெலாஸும் அகமெம்னானும் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக் கலங்கள். அவை கிடைத்த அடுக்கு கீழிருந்து ஆறாவது. நெற்றிச்சுட்டி கிடைத்ததோ இரண்டாவது. பழைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தெனீஸ் கணித்தபடி ட்ராய் விழுந்தது பொ.ஆ.மு. 1184. நகையின் காலம் ஏறத்தாழ பொ.ஆ.மு. 2400. நடுவில் 1,200 ஆண்டு. இடித்து வெளியே தள்ளிய மேலடுக்குகளில்தான், இருந்திருந்தால், ஹெலனின் ஊர் இருந்திருக்கும். ஷ்லீமன் அந்த ஆண்டே, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நேபிள்ஸில் இறந்துபோனார். 16,353 துண்டுகளை எண்ணியவர் ஆண்டுகளை எண்ணுவதில் தவறிவிட்டார்.

நகைக்குச் சொந்தமான உண்மைக் கதை ஹெலன் கதையைவிட எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. லெம்னோஸ் தீவின் பொலியோக்னியில் 1956-ல் ஒரு தங்கக் குவியல் கிடைத்தது. ட்ராய்க் கம்மல்களும் அந்தக் கம்மல்களும் ஒரே பட்டறையில் செய்தவை போல இருக்கின்றன. மெசபொட்டேமியாவின் 'ஊர்' என்ற நகரத்து அரச கல்லறைகளில் கிடைத்த தங்கமும், ட்ராயின் தங்கமும், பொலியோக்னியின் தங்கமும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்று 2022-ல் வந்த வேதிப் பகுப்பாய்வு காட்டியது. 1890-ல் அதே மேட்டில் கிடைத்த விழாக் கோடாரிகளில் ஒன்று நீல லாப்பிஸ் கல்லால் ஆனது. ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வந்த கல்லாக இருக்க வேண்டும். எழுத்து இல்லாத, பெயர் தெரியாத ஓர் ஊர், கிரேக்கர் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே இத்தனை தூரத்துச் சரக்குகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தது. அந்த ஊர்ப் பெண்ணொருத்தி இந்த நெற்றிச்சுட்டியைப் போட்டிருந்தாள். அவள் பெயரைத் தேட யாருக்கும் தோன்றவில்லை, ஹெலன் பெயர் தயாராகக் கையில் இருந்ததால்.

கிரேக்கர்களுக்கே இந்தச் சந்தேகம் உண்டு என்பது வேடிக்கை. ஸ்டெசிகோரஸ் என்ற பழைய கவிஞர் ஹெலனைப் பழித்துப் பாடிக் கண்பார்வை இழந்தாராம். அவள் ட்ராய்க்குப் போகவே இல்லை என்று மாற்றிப் பாடியதும் பார்வை திரும்பியதாம். யூரிபிடீஸ் பொ.ஆ.மு. 412-ல் இதை நாடகமாகவே மேடையேற்றினார்: பாரிஸ் கப்பலேற்றியது தெய்வம் காற்றில் செய்த ஓர் உருவத்தை, அசல் ஹெலன் எகிப்தில் உட்கார்ந்திருந்தாள், பத்து வருடம் இரண்டு படையும் செத்தது ஒரு பொய்த்தோற்றத்துக்காக. அந்த நாடகத்தைப் பார்த்த ஏதென்ஸ்காரர்கள் அப்போதுதான் சிசிலியில் ஒரு பெரும் படையை அநியாயமாகப் பறிகொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

நகை பெர்லினில் அறுபது ஆண்டு இருந்தது. 1939-ல் போர் தொடங்கியதும் கண்ணாடிப் பேழைகளைக் காலி செய்து, தங்கத்தை மூன்று பெட்டிகளில் அடைத்தார்கள். முதலில் வங்கிப் பாதாள அறை. பிறகு பெர்லின் மிருகக்காட்சிச் சாலையில் எழுப்பியிருந்த விமான எதிர்ப்புக் கோபுரம்: ஆளுயரத்தைவிடக் கனமான கான்கிரீட் சுவர்கள், கூரையில் பீரங்கிகள், உள்ளே மருத்துவமனை, குண்டுக்குப் பயந்து ஒதுங்கிய ஆயிரக்கணக்கான சனங்கள், நடுவே பெட்டிகள். எரிந்த ஒரு நகரத்தின் சாம்பலிலிருந்து எடுத்த நகை, எரிந்துகொண்டிருந்த இன்னொரு நகரத்தின் நடுவே மறுபடி ஒளிந்திருந்தது. அருங்காட்சியக இயக்குநர் வில்ஹெல்ம் உன்வெர்ட்ஸாக்ட் பெட்டிகளை விட்டு நகரவில்லை. 1945 மே மாதம் ரஷ்யர்கள் வந்தபோது, கொள்ளைபோய்விடக் கூடாதே என்று அதிகாரிகளிடம் முறைப்படி ஒப்படைத்தார். ஜூன் கடைசியில் பெட்டிகள் விமானத்தில் மாஸ்கோ போயின. மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் பெட்டியைப் பெற்றுக்கொண்ட ஊழியர்களிடையே, வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன 23 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். பெயர் இரினா அன்டோனோவா.

அதன்பின் நாற்பத்தாறு ஆண்டு மௌனம். தங்கத்தை உருக்கிவிட்டார்கள், யாரோ சிப்பாய் அடித்துக்கொண்டு போய்விட்டான் என்று மேற்கில் பலவாறு பேச்சு. சோவியத் அரசு தெரியாது என்றே சொல்லிவந்தது. அன்டோனோவா 1961-ல் அதே அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆனார். 2013 வரை அந்த நாற்காலியில் இருந்தார். தன் காலடியில் நிலவறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர், உலகத்து அறிஞர்களை வரவேற்று, தேநீர் கொடுத்து, ஒன்றும் தெரியாத முகத்தோடு முப்பது ஆண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். ஹோமருக்கு இப்படி ஒரு பாத்திரம் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டார். 1991-ல் கான்ஸ்டான்டின் அகின்ஷா, கிரிகோரி கோஸ்லோவ் என்ற இரு கலை வரலாற்று ஆய்வாளர்கள், கிடைத்த அரசு ஆவணங்களை வைத்து ரகசியத்தை அமெரிக்கக் கலைப் பத்திரிகை ஒன்றில் போட்டு உடைத்தார்கள். 1993-ல் ரஷ்யா ஒப்புக்கொண்டது. 1996 ஏப்ரல் 16 அன்று புஷ்கின் அருங்காட்சியகத்தில் 259 பொருள்களோடு கண்காட்சி திறந்தது. நெற்றிச்சுட்டி அரை நூற்றாண்டுக்குப் பிறகு வெளிச்சம் பார்த்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

வழக்கு என்னவோ தீரவில்லை. எங்களுக்குக் கொடையாக வந்தது, திருப்பித் தாருங்கள் என்கிறது ஜெர்மனி. எங்கள் அருங்காட்சியகங்களையும் நகரங்களையும் அழித்தீர்களே, அதற்கு ஈடு என்கிறது ரஷ்யா. 1998-ல் சட்டமே போட்டுத் தன் சொத்தாக்கிக்கொண்டது. எங்கள் மண்ணிலிருந்து திருடிப்போனது என்கிறது துருக்கி. கால்வர்ட்டின் வாரிசுகளும் நடுவே குரல் கொடுத்தார்கள். 2013-ல் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த வெண்கலக் காலக் கண்காட்சியைத் திறக்க வந்த அங்கேலா மெர்க்கல், புதின் பக்கத்தில் நிற்கும்போதே, இவை ஜெர்மனிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெர்லினின் நோயஸ் அருங்காட்சியகம் பேழையில் நகல்களை வைத்திருக்கிறது. ஸ்டெசிகோரஸ் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்: ஒரு நகரத்தில் பொய்த்தோற்றம், இன்னொரு நகரத்தில் அசல்.

சிறு துளிகள் மட்டும் வீடு திரும்பியிருக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகம் 1966-ல் விலைக்கு வாங்கிய 24 பொன்னணிகளை, அவை ட்ராய்ப் பக்கத்து மண்ணிலிருந்து வந்தவை என்று தெரிந்தபின், காலவரையறை இல்லாத கடனாக 2012-ல் துருக்கிக்கு அனுப்பியது. ஹிசார்லிக்குக்கு அருகே 2018-ல் திறந்த ட்ராய் அருங்காட்சியகத்தில், துருநிற எஃகுச் சுவர்களுக்குள் அவை இருக்கின்றன.

இன்னும் கொஞ்சம் தங்கம் துருக்கியை விட்டுப் போகவே இல்லை. அந்தக் கதையை ஷ்லீமனே தன் புத்தகத்தில் கோபத்தோடு எழுதியிருக்கிறார். பெரிய புதையல் கிடைப்பதற்குச் சில காலம் முன் அவருடைய கூலியாட்கள் இருவர் ஒரு சின்னக் குவியலைக் கண்டு, முதலாளிக்குத் தெரியாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவன் யெனிஷெஹிர் கிராமத்துக் கிரேக்கன். அவன் மனைவிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசை வந்துவிட்டது. பொன் தொங்கல் வைத்த அந்தக் கம்மலை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தாள். சோஃபியாவுக்கு முன்போ பின்போ, நாலாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணில் கிடந்ததைக் காதில் போட்டு, நாலு பேர் பார்க்க நடந்தவள் அவள். பார்த்த பெண்களுக்குப் பொறுக்கவில்லை. விஷயம் காவல்துறைக்குப் போனது. புருஷனைத் தூக்கில் போட்டுவிடுவோம் என்று மிரட்டியதும் மறைத்து வைத்த இடத்தைச் சொல்லிவிட்டாள். கைப்பற்றிய நகைகள் இஸ்தான்புல் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஷ்லீமனிடம் போகாமல் தொழிலாளிகள் திருடியதால் மட்டுமே அவை அந்த நாட்டில் தங்கின.

இன்னொரு பங்காளி உஷாரான ஆள். காவலர் வருவதற்குள் ரென்கோய் கிராமத்துப் பொற்கொல்லரிடம் கொண்டுபோய்த் தன் பங்கை உருக்கச் சொல்லி, அகலமாகவும் கனமாகவும் ஒரு கழுத்தணி செய்து வாங்கிவிட்டான். அறிவியலுக்கு எப்பேர்ப்பட்ட இழப்பு என்று ஷ்லீமன் புலம்புகிறார். கழுத்தணியில் போட்டிருந்த துருக்கிப் பாணிப் பூவேலை கொஞ்சமும் நயமில்லாமல் இருந்தது என்று அதோடு சேர்த்து ஒரு குறையும் சொல்லி வைத்திருக்கிறார்.